கடைசிக் கட்டம் முதலில்

உட்காருங்கம்மா. அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்க. ஜீப்பை விட்டு இறங்கினதும் இறங்காததுமா, பின்பக்க ஷெட்டில் பிள்ளைங்க வேலை செய்யுறாங்களான்னு கேட்டுட்டீங்க. சொல்றேன். நான் பொய் சொல்லிப் பழகினவள் இல்லை. ஷெட் பூட்டிக் கிடக்கிறதை நீங்களே பார்த்தீங்கல்ல? பூட்டின ஷெட்டுக்குள்ளே யார் இருக்கப் போறாங்க? முதலில் டீயைக் குடிங்க. சீனி போதுமா?

படத்தையும் கையோடு கொண்டு வந்திருக்கீங்க. சுருட்டாதீங்கம்மா, பெயிண்ட் உதிரும். இப்படி மேஜையில் விரிச்சு வைங்க. ஆமா, எங்க ஞாயிறு பள்ளிப் பிள்ளை வரைஞ்சதுதான். ஜெபக்கனின்னு பேரு, அஞ்சாம் வகுப்பு. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதுக்குத்தான் ஊரெல்லாம் என்னைப் பேசுது, ஞானப்பூ டீச்சர் பிள்ளை படத்தைக் கெடுத்துட்டாங்கன்னு. கெடுக்கலைம்மா. கடைசிக் கட்டத்து மேலே ஒரு தாளை ஒட்டினேன், அவ்வளவுதான். ஒட்டுறது வேறு, கெடுக்கிறது வேறு. கிழிஞ்ச சேலைக்கு ஒட்டுப் போட்டால் சேலையைக் கெடுத்ததா ஆகுமா?

டீச்சர்னு கூப்பிடுறாங்களே தவிர, நான் எட்டாவதுதான் படிச்சேன். மூணு பிள்ளை பெத்து வளர்த்துக் கரையேத்தினேன். மூத்தவள் கோயம்புத்தூர், நடுவுள்ளவள் ஓசூர், கடைக்குட்டி எபன் மட்டும் என்கூட. பிள்ளைங்க பெரிசான பிறகு கை சும்மா இருக்குதேன்னுதான் ஞாயிறு பள்ளிக்குப் போனேன். பாட்டு சொல்லிக் கொடுப்பேன், வசனம் சொல்லிக் கொடுப்பேன். படம் எனக்கு வராது. யானை வரைஞ்சால் பிள்ளைங்க எருமைம்பாங்க.

சித்திரையில் போதகர் ஐயா ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். ரெண்டு நாள். திருநெல்வேலியிலிருந்து ஓர் அக்கா வந்து, கதையைப் படமாப் போடுறது எப்படின்னு சொல்லிக் கொடுத்தாங்க. ஒரு சார்ட்டை ஆறு கட்டமா மடிக்கணும். ஒரு கட்டத்துக்கு ஒரு சங்கதி. ஆனால் முதல் கட்டத்தில் தொடங்கக் கூடாது. கடைசிக் கட்டத்தை முதலில் போடணும். பிறகு, இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கேட்டுக் கேட்டுப் பின்னாலேயே வரணும். இல்லைன்னா பிள்ளைங்க முதல் கட்டத்தில் மரம், மலை, சூரியன், காக்கா எல்லாம் வரைஞ்சு முடிச்சு, கதையை எங்கேயோ விட்டுடுவாங்களாம். நல்ல யோசனை இல்லையா? நான் பிள்ளைங்களுக்கு வேறு மாதிரி சொன்னேன். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்ன கேட்பார்? எங்கே இறங்கணும்னுதானே கேட்பார்? இறங்குற இடம் சொன்னாத்தான் டிக்கெட். அதை அப்படியே பிடிச்சுக்கிட்டாங்க. வகுப்புக்கு நான் உள்ளே நுழையும்போதே "எங்க இறங்கணும், எங்க இறங்கணும்"னு ஒரே கூச்சல்.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற அசனப் பண்டிகைக்கு எங்க வட்டாரத்து எட்டு ஊர் சபைக்கும் சேர்த்து ஓவியப் போட்டி வச்சாங்க. தலைப்பு, 'நம்மைக் காக்கிறவர்'. உங்க வீட்டில் கர்த்தர் யாரைக் காத்தார், எப்படிக் காத்தார், அதைப் படமாப் போடுங்கன்னு சொன்னேன். ஆறு ஞாயிறு, ஆறு கட்டம். வாரம் ஒண்ணு, பின்னாலேயிருந்து முன்னால. மொத்தம் பதினோரு பிள்ளைங்க. ஒருத்தன் கடைசிக் கட்டத்தில் காலில் கட்டோடு ஓர் ஆளைப் போட்டான். முந்தின கட்டத்தில் முருங்கை மரம். "முருங்கை மரத்துல எவனாச்சும் ஏறுவானாடா?"ன்னு கேட்டேன். "எங்கப்பா ஏறுனாரு டீச்சர், அதான் கட்டு"ன்னான். சிரிச்சு சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு.

ஜெபக்கனி சிரிக்கலை. அவள் அப்படித்தான், அமைதியான பிள்ளை. ஆனால் ஒரு ஞாயிறு தவற மாட்டாள். காய்ச்சலோடும் வருவாள். அவங்க அம்மா ரூபியே சொல்வாள், "டீச்சர், அவளை வீட்டுல நிக்கச் சொன்னா அழுவுறா"ன்னு. அவ்வளவு பக்தி.

முதல் ஞாயிறு அவள் கடைசிக் கட்டத்தைப் போட்டாள். இதோ, இந்த இடம். நான் ஒட்டின தாள் இப்போ பாதி பெயர்ந்து நிக்குதே, அதுக்கு அடியில். முழுக்கச் சிவப்பு. நடுவில் மஞ்சள், ஓரத்தில் கறுப்பு. ஆள் இல்லை, வீடு இல்லை. இருந்த சிவப்பு டப்பாவைத் தீர்த்துட்டாள்.

"என்னம்மா கனி, சூரியனா?"

"இல்ல டீச்சர். முடிஞ்சிருச்சு."

"என்ன முடிஞ்சிருச்சு? கர்த்தர் காப்பாத்துன கதையில்லா போடணும்? இதுல யாரைக் காப்பாத்துனாரு?"

"என்னைய."

"உன்னையக் காணுமே."

"நான் இங்கல்லா இருக்கேன் டீச்சர். அன்னைக்கு ஞாயித்துக்கிழம. நான் வகுப்புக்கு வந்துட்டேன்."

மத்தவங்க எங்கேன்னு கேட்டேன். அவள் பிரஷைக் கழுவப் போயிட்டாள். சின்னப் பிள்ளை, என்னமோ கனாக் கண்டிருக்கு போலன்னு விட்டுட்டேன். அன்னைக்கு ராத்திரி ஜெபத்தில் அவள் பேரையும் சேர்த்துக்கிட்டேன்.

மணி என்னம்மா ஆச்சு? பத்தே முக்காலா? வெயில் அதுக்குள்ளே ஏறிடுச்சு. தகரக் கூரை வேறு. இல்லை, வீட்டுக்கு இல்லை, வீட்டுக்குக் காங்கிரீட்தான். சும்மா சொன்னேன்.

ரெண்டாம் ஞாயிறு அஞ்சாம் கட்டம். பாருங்க, ஒரு கதவு. வெளியே பூட்டு. மேலே காற்று போக வச்ச ஓட்டை வழியா கைகள். எத்தனை கைன்னு நானும் எண்ணலை, நீங்களும் எண்ணாதீங்க. அந்தக் கைகளுக்கு அவள் வெள்ளிக் கலர் அடிச்சிருந்தாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வச்சிருந்த வெள்ளிக் கலர்.

"கை எங்கயாச்சும் வெள்ளியா இருக்குமா கனி? தேவதூதர் கையா?"

"சோப்பு போட்டா போயிரும் டீச்சர். நகத்துக்குள்ள மட்டும் நிக்கும்."

நகத்துக்குள்ளே நிக்கிறதுக்கு எலுமிச்சம்பழத் தோலைத் தேய்க்கணும். சாயங்காலம் வரும்போது ஒண்ணு கொடுத்தேன். படத்தில் கையை எல்லாம் தோல் கலருக்கு மாத்தச் சொன்னேன். மாத்தினாள். ஆனால் பாருங்க, அடியில் இருந்து வெள்ளி மினுக்குது. அந்தப் பெயிண்ட் அப்படி, மறைக்க முடியாது.

சாயங்காலம் எங்கே வருவாள்னா கேட்கிறீங்க? இங்கேதான். பின்பக்கம் எபன் அட்டைப் பெட்டி ஒட்டுற வேலை வச்சிருக்கான். ரூபியும் அவள் வீட்டுக்காரனும் அங்கேதான் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைங்க அப்பா அம்மாவைத் தேடி வரத்தானே செய்யும்? வந்த இடத்தில் சும்மா இருக்காம கூட மாட ஒத்தாசை. நம்ம வீட்டுப் பிள்ளைங்க அடுப்படியில் வெங்காயம் உரிக்கிற மாதிரி.

எபனைப் பற்றி உங்களுக்குத் தெரியாதும்மா. மூணு வருஷம் அவன் இருந்த இருப்பு. வேலை போச்சு, குடி வந்துச்சு, கட்டினவள் தாய் வீட்டுக்குப் போயிட்டாள். மூணு வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் பச்சைத் தண்ணி குடிக்காம உபவாசம் இருந்தேன். இவனுக்கு ஒரு தொழிலைக் கொடும் ஆண்டவரே, இவன் கையை ஆசீர்வதியும்னு முட்டி தேய மன்றாடினேன். கொடுத்தார். தை மாசம் ஒருத்தர் வந்து, இடம் இருந்தால் போதும், சரக்கு நாங்க தாறோம், ஆர்டர் நாங்க தாறோம்னார். அன்னையோட குடியை விட்டான். இன்னைக்கு வரைக்கும் தொடலை. காலையில் எந்திரிச்சு என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுறான். கர்த்தர் கொடுத்த பதில்மா அந்த ஷெட். அதைப் போய் நான் வேண்டாம்னு சொன்னால் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஒரே ஒரு நாள் கேட்டேன். "பிள்ளைகளை எதுக்குப்பா?"ன்னு. "சின்ன விரலுக்குத்தாம்மா திரி சொன்னபடி கேக்கும். தீபாவளி வரைக்குந்தான், அப்புறம் விட்டுருவேன்"னான். சரின்னேன்.

திரின்னா விளக்குத் திரி. அதுவும் கொஞ்சம் செய்யுறாங்க.

மூணாம் ஞாயிறு நாலாம் கட்டம். இதைப் பார்த்தப்போ எனக்கு ஒண்ணும் தோணலை. இன்னைக்கு உங்களைப் பார்த்த பிறகுதான் மறுபடி உத்துப் பார்க்கிறேன். பாருங்க. ஒரு ஜீப். பின்னால் புழுதி. ஒரு அம்மா இறங்குறாங்க, தோளில் பை. உங்க பை மாதிரியே இருக்கு இல்லையா? எல்லார் பையும் அப்படித்தான் இருக்கும். நான் கேட்டேன், "யாரு கனி இது?"

"ஆபீசர் டீச்சர். ஆடி மாசம் வந்தாங்கள்லா."

ஆடியில் யாரோ வந்தாங்க. ஆமா. வந்து வாசலில் நின்னு எபன்கிட்டே ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிட்டாங்க, உங்களை மாதிரி உட்காரலை. ஜீப் சத்தம் கேட்டதும் எபன் ஷெட்டை வெளியே பூட்டிடுவான். ஆள் இல்லாத மாதிரி தெரியணுமே. போனதும் திறந்துடுவான். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். உள்ளே சத்தம் போடக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லி வச்சிருக்கு. கனிதான் சொன்னாள், "போன தடவை தெறந்துட்டாங்க டீச்சர். அதுக்குள்ள சின்னப் பய செல்வத்துக்கு மூச்சு முட்டிருச்சு"ன்னு. நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

என்னம்மா அப்படிப் பார்க்கிறீங்க? நான் ஆடி மாசத்தைச் சொல்றேன். இன்னைக்குன்னா சொன்னேன்?

எபன் எங்கேயா? இப்போதான் பைக்கை எடுத்துக்கிட்டுப் பின் சந்து வழியாப் போனான். வந்துடுவான். நீங்க கிளம்பினதும் வந்துடுவான்.

மீதிக் கட்டத்தையும் சொல்லிடுறேன். மூணாம் கட்டம், குனிஞ்ச தலைங்க. வரிசையா உட்கார்ந்திருக்காங்க. முன்னால் குவியல் குவியலா, கறுப்பு, வெள்ளை, மஞ்சள். கோலப் பொடியான்னு கேட்டேன். கனி என்னைப் பார்த்தாள். ரெண்டாம் கட்டம், தூக்குவாளியோடு பிள்ளைங்க ஒருத்தர் பின்னால் ஒருத்தரா நடந்து போறாங்க. எறும்பு மாதிரி. இந்தக் கட்டத்தைப் போதகர் ஐயா பார்த்து, "அருமை, என்ன ஒழுங்கு"ன்னு பாராட்டினார்.

ஆறாம் ஞாயிறு முதல் கட்டம். அன்னைக்கு மழை, நாலு பிள்ளைங்கதான் வந்தாங்க. கனி வந்திருந்தாள். எல்லாத்துக்கும் முன்னாடி என்ன இருந்துச்சுன்னு யோசிச்சுப் போடு கனின்னு சொல்லிட்டு நான் பாட்டுப் புஸ்தகம் அடுக்கிக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தால், நீங்களும் பாருங்கம்மா, எங்க வீட்டுப் பின்கட்டு. துவைக்கிற கல்லு. கொடியில் என் ஊதாச் சேலை, கரை கூட விடலை பிள்ளை. படியில் நான் உட்கார்ந்திருக்கேன், மடியில் வேதப் புஸ்தகம். எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்துடுச்சு. என்னைப் பெத்த பிள்ளைங்க மூணு பேரும் இதுவரைக்கும் என்னை ஒரு படம் வரைஞ்சது இல்லை.

"கண்ணை ஏன் கனி மூடிப் போட்டிருக்க?"

"நீங்க ஜெபம் பண்ணுறீங்கள்லா டீச்சர். நாங்க உள்ள போகும்போது தெனமும் மூடித்தான் இருக்கும்."

அவ்வளவு பாசம் அந்தப் பிள்ளைக்கு என் மேல். மத்த ரெண்டு டீச்சருக்கும் காட்டினேன். பார்த்துட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துட்டாங்க. பொறாமை.

அப்புறம்தான் ஆறு கட்டத்தையும் சேர்த்து வச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொண்ணாப் பார்த்தப்போ தெரியலைம்மா. ஒட்டுமொத்தமா இடமிருந்து வலமாப் பார்க்கும்போது... நான் இருக்கிற இடத்தில் தொடங்கி, அந்தச் சிவப்பில் போய் நிக்குது. எட்டு ஊர் ஜனம் பார்க்கிற படம். என் வீட்டைத் தெரிஞ்சவங்க எத்தனை பேர். எபன் பெயர் என்ன ஆகும்?

கதைன்னா முடிவு நல்லா இருக்கணும்னு சொன்னேன். பிள்ளை முரண்டு பிடிச்சாள். "நீங்கதான முதல்ல கடைசியப் போடச் சொன்னீங்க? இப்ப கடைசிய மாத்துனா மத்ததெல்லாம் எப்பிடி டீச்சர் சரியாவும்?"ன்னாள். பத்து வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? அதட்டலை. நான் எந்தப் பிள்ளையையும் அதட்டினது இல்லை. புதுத் தாளை வெட்டி, அவள் கையைப் பிடிச்சு, நானும் அவளுமா சிலுவை வச்ச ஒரு கோயில் வரைஞ்சோம். கோயில் முன்னால் எல்லாரும் வெள்ளை உடுப்பில் வரிசையா. அவள் கை என் கைக்குள்ளே மரக்கட்டை மாதிரி இருந்துச்சு. ஒட்டினேன். பசையும் நல்ல மைதாப் பசைதான். யார் பிரிச்சாங்களோ தெரியலை. ரெண்டாம் பரிசு கொடுத்தாங்க. மேடையில் அவளைக் கூப்பிட்டால் வரலை. நான்தான் போய் வாங்கினேன்.

உங்களுக்கு இதை யாரு காட்டினாங்க? சொல்ல மாட்டீங்க. சரி.

ஜெபக்கனியைப் பார்க்கணுமா? அவள் வீட்டில் இருப்பாள். போயிட்டு வந்தீங்களா? வீடு பூட்டியிருக்கா? அப்போ பள்ளிக்கூடத்தில்... இன்னைக்கு லீவுன்னு எனக்குத் தெரியும்மா. சும்மா வாயில் வந்துச்சு. விளையாடப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வாங்க, வகுப்பில் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் அவள் என்கூடத்தான் இருப்பாள். அன்னைக்கு அவளுக்கு ஒண்ணும் ஆகாது. அவளே சொன்னாள்ல.

இன்னைக்கு என்ன கிழமை?

வியாழன்.

அந்தச் சத்தம் ஒண்ணும் இல்லை, பூனையா இருக்கும். தகரம் சூடானால் படபடன்னு சத்தம் போடும். நாங்க ஆடியில் பத்து நிமிஷத்துக்கு மேலே விட்டது இல்லை. நீங்க வந்து இப்போ முக்கால் மணி நேரம் ஆச்சு. நான்தான் பேசிக்கிட்டே இருக்கேன். நீங்க சலிச்சுப்போய் எந்திரிச்சுக் கிளம்பிடுவீங்க, எபன் வந்து திறந்துடுவான்னு நினைச்சேன். உள்ளே தண்ணி இருக்கு. ஒரு குடம் வச்சிருக்கு. பத்து பேருக்கு ஒரு குடம்.

உங்க டிரைவரை எங்கே காணோம்? வாசலில் நின்னார். வீட்டைச் சுத்திப் பின்பக்கமாப் போறார், ஜன்னல் வழியாத் தெரியுது. நிழல் தேடிப் போறாரா? அந்தச் சுவர்கிட்டேயா? அய்யோ, சட்டைப் பையில் கையை விடுறார். பீடிம்மா! தம்பீ! ஏ தம்பீ, பத்த வைக்காதீங்க! கர்த்தர் மேல ஆணை, அந்தக் குச்சியை உரசாதீங்க! கீழே போடாதீங்க, கையிலேயே வச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க. மெல்ல வாங்க. ரோட்டுக்குப் போங்க. இன்னும் தள்ளிப் போங்க. ஜீப்பையும் தள்ளிக்கிட்டுப் போங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க.

இருங்கம்மா, எனக்கு மூச்சு வாங்குது.

உள்ளேதான் இருக்காள். கனியும் இருக்காள், செல்வமும் இருக்கான். மொத்தம் ஒன்பது பிள்ளைங்க. ரூபியும் இருக்காள். அட்டைப் பெட்டி இல்லைம்மா, பட்டாசு. அட்டைப் பெட்டி ஒட்டுற கைக்கு எதுக்கு வெள்ளிப் பொடி வரணும்?

சாவி என்கிட்டேதான் இருக்கு. என் இடுப்பில். எபன் போகும்போது கொடுத்துட்டுப் போனான், அவங்க போற வரைக்கும் பேச்சுக் கொடும்மான்னு சொல்லிட்டு. பெத்த பிள்ளையைக் காட்டிக் கொடுக்கிற தாய்னு ஊர் சொல்லும். அவன் திரும்பவும் குடிப்பான். எனக்குத் தெரியும். ஊர் சொல்லிட்டுப் போகட்டும். எந்திரிங்க.

ஓடாதீங்க! போலீசுக்குப் போன் பண்ணணும்னா இங்கேயே வச்சுப் பண்ணிடுங்க, அப்புறம் அணைச்சு மேஜையில் வைங்க. செருப்பை இங்கே கழற்றுங்க. வளையல் உலோகமா? கழற்றுங்க. உங்க சேலை நைலான் மாதிரி இருக்கு, உரசினால் பொறி வரும், அப்படியே உள்ளே போகக் கூடாது, இந்தாங்க என் நூல் சேலை, மேலே சுத்திக்கோங்க. செம்பில் தண்ணி எடுங்க. பூட்டு இரும்பு, கொண்டியும் இரும்பு. நனைச்சுட்டுத்தான் சாவி போடணும். கதவைத் திறந்ததும் யாரையும் பேர் சொல்லிச் சத்தமாக் கூப்பிடாதீங்க. பதறி எந்திரிச்சால் மடியில் இருக்கிறதெல்லாம் கொட்டிடும். நான் ஒவ்வொருத்தரா மெல்லத் தொட்டுக் கூட்டி வர்றேன். என் தொடுகை அவங்களுக்குத் தெரியும்.

நான் முன்னால் போறேன். நான் கால் வச்ச இடத்திலேயே கால் வச்சு வாங்க. காலை இழுத்து நடக்காதீங்க, தூக்கித் தூக்கி வைங்க. முற்றத்தில் கறுப்பா அங்கங்கே தெரியுதே, அது மண் இல்லைம்மா.